நாற்றங்காலில் ஒரு கபடித் திடல்

அன்புள்ள வெற்றிச்செல்விக்கு அப்பா எழுதுவது.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்கு மூலை நாற்றங்கால் நம்மிடமே இருக்கிறது. இதைப் படித்ததும் நீ புருவத்தைச் சுருக்குவாய், அது எங்கே போயிற்று நம்மிடம் இல்லாமல் என்று. போகப் பார்த்ததம்மா. நாற்றங்கால் மட்டுமல்ல, மடத்துக் குத்தகை நிலம் மொத்தமுமே போகப் பார்த்தது. பங்குனியிலிருந்து இந்த ஆடி வரைக்கும் உன் அப்பன் மேல் ஒரு கேஸ் நடந்தது. நானும் உன் அம்மாவும் சேர்ந்து அதை உனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். தெரிந்திருந்தால் படிப்பைப் போட்டுவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றிருப்பாய். நீ மண்வெட்டி பிடிக்கிற அழகை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்ப்பதைவிட நிலம் போனாலும் பரவாயில்லை என்று இருந்துவிட்டேன். இப்போது கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டது. நீயும் பயிற்சியாளர் பட்டம் வாங்கி, மாணவிகள் விளையாட்டு விடுதியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாய். இனி உன்னிடம் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. பாபநாசம் ஸ்டேஷனில் உன்னை ரயிலேற்றியபோதே சொல்லியிருப்பேன், தீர்ப்பு வந்திருக்கவில்லை. அதனால்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிக்கெட்டைப் பத்திரமாக வை என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் தன் டிக்கெட்டையும் எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்ட பிறகு உர மூட்டைக்குக் கையெழுத்துப் போடுவதோடு சரி. அதனால் சேதி முன்னே பின்னே வரும், நீதான் கோத்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

உனக்குப் பேர் வைத்ததிலிருந்தே நான் ஜெயிக்கிற விஷயத்தில் அவசரக்காரன்தான். கட்சிக் கூட்டம் நடந்த மேடைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தாமலே ஒரு கையால் உன்னை வாங்கி, மைக்கில் வெற்றிச்செல்வி என்று சொல்லி, மறு கையால் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தேர்தலில் அவர் தோற்றார். ஆனால் பேர் உன்னிடம் ஒட்டிக்கொண்டது. நீ பள்ளிக்கூடத்தில் கபடி ஆடித் தோற்கும்போதெல்லாம் அந்தப் பேரை வைத்தே உன்னைக் கேலி செய்தார்கள். நீ கண்டுகொள்ளவில்லை. எனக்குத்தான் கோபம் வரும். ஊரில் யார் ஆடினாலும் கோட்டுக்கு வெளியே துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்று கத்துகிறவன் நான். ஒரு நாளும் கோட்டுக்குள் இறங்கியதில்லை, முட்டி போய்விடும் என்ற பயம். பிடிடா, விடாதடா, ஏறிப் போடா என்ற மூன்றை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினேன். ஆட்டம் முடிந்த மறுநாள் ஆடியவர்கள் வயலுக்குப் போவார்கள், நான் தொண்டைக்கு மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டு வீட்டில் கிடப்பேன்.

அதனால்தான் பி.ஏ. முடித்துவிட்டு, பயிற்சியாளராவதற்கு மேலே படிக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்மா, இதுக்குப் போயி ரெண்டு வருசமா? நா ஒரு சாயங்காலத்துல சொல்லித் தந்துடுவனே" என்றேன். உள்ளேயிருந்து உன் அம்மா, "அதுக்குப் பயந்துதான் அது ஊர விட்டே போவுது" என்றாள்.

முதல் லீவில் நீ எலும்புப் படம் போட்ட தடிப் புத்தகத்தோடு வந்தாய். எந்த மூட்டு எந்தப் பக்கம் மடங்கும், எது மடங்கக் கூடாது, எத்தனை வயசுப் பிள்ளையை எவ்வளவு ஓட விடலாம், ஓடி முடித்த உடம்பை எப்படி ஆற வைப்பது என்று நீ சொல்லச் சொல்ல, நான் இத்தனை வருஷமாகக் கத்தி எத்தனை பேர் முட்டியை உடைத்தேனோ என்று மனசுக்குள் பெயர்ப் பட்டியல் போட்டேன். தோற்றுவிட்டு வருகிற பிள்ளையிடம் என்ன பேசுவது என்பதற்குக்கூட ஒரு பாடம் இருப்பதாகச் சொன்னாய்.

"அதுக்கு என்னம்மா பாடம்?"

"முதல்ல ஒண்ணும் பேசக்கூடாதுங்கறதுதாம்ப்பா பாடம்."

அந்தப் பாடத்தில் நான் தேறியிருக்க மாட்டேன்.

கடைசிப் பருவத்து விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான் பார்த்த பக்கம் வேறு, அதனால் சொல்கிறேன். இதுவரை யாரும் பயிற்சி கொடுக்காத அணி ஒன்றை எடுத்து, மூன்று மாதத்தில் தயார் செய்து காட்ட வேண்டும். கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்து பயிற்சியையும் ஓர் ஆட்டத்தையும் பார்த்து மார்க் போடுவார்கள். அது இல்லாவிட்டால் பட்டம் இல்லை. நீ வேறு எங்கும் போகாமல் நம்ம ஊர்ப் பெண் பிள்ளைகளை எடுத்தாய். மேலத்தெருவில் சிலர், கீழத்தெருவில் சிலர். மேலத்தெரு என்றால் நிலம் உள்ளவர்களும் என்னைப் போன்ற குத்தகைக்காரர்களும். கீழத்தெரு என்றால் அந்த நிலத்தில் நடவும் அறுப்பும் செய்கிறவர்கள். ஊர்ப் பொதுக் களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆரம்பித்தாய். சரியாக அதே தையில் அறுப்புக் கூலிப் பேச்சு முறிந்தது. கதிர் முற்றி நிற்கிறது, அறுக்க ஆளில்லை. கூலி நெல்லை அளக்கிற இடம் களம்தான் என்பதால் கீழத்தெருச் சங்கத்துக்காரர்கள் களத்தில் கொடியை நட்டுக் கயிறு கட்டினார்கள். மேலத்தெருப் பெரிய கைகள் போலீஸ் வேனைக் கூட்டிவந்து ஆற்றுப் பாலத்தில் நிறுத்தினார்கள். யாரும் களத்தில் கால் வைக்கக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு பக்கமும் ஒற்றுமை. உன் கோடு அழிந்தது. உன் பிள்ளைகள் ஆளுக்கொரு தெருவில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நான் அப்போது இருந்த இடம் உனக்குத் தெரியும். மிராசுதாருக்கு முன்னால் நான் குத்தகைக்காரன், கூலிக்காரர்களுக்கு முன்னால் குட்டி மிராசுதார். இரண்டு பக்கமும் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துவார்கள். என் நெல்லும் வயலில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் நெல்லைவிட உன் முகம்தான் உறுத்தியது. சாயங்காலமானால் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கொல்லைப்புறத்தில் நடந்துகொண்டிருப்பாய். நான் சும்மா இருந்திருக்கலாம். நாற்றங்கால் மூலை சும்மாத்தானே கிடக்கிறது, அதில் திடல் போட்டுத் தருகிறேன் என்று வாயை விட்டேன்.

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நிலத்தைச் சமமாக்குவதற்கு எனக்குத் தெரிந்தது ஒரே வழி. வாய்க்காலில் ஓடிய கடைசித் தண்ணீரைத் திருப்பிக் கட்டினேன். மாட்டைப் பூட்டிச் சேறாக உழுதேன். பரம்புப் பலகையை ஏற்றி மேடு பள்ளம் தெரியாமல் இழுத்தேன். தண்ணீரை வடித்துவிட்டு வரப்பில் ஏறி நின்று பார்த்தபோது கண்ணாடியைப் போட்டது மாதிரி இருந்தது. பெருமையாக உன்னைக் கூட்டிப்போய்க் காட்டினேன். நீ குனிந்து விரலால் சேற்றைத் தொட்டுப் பார்த்தாய்.

"நல்லாருக்குப்பா. நாத்து எப்ப விடப் போறீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெயில் இரண்டு நாள் அடித்தால் இறுகிவிடும் என்று சமாளித்தேன். இறுகத்தான் செய்தது. நம்ம களிமண் இறுகினால் எப்படி வெடிக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிள்ளையின் கால் கணுக்கால் வரை உள்ளே போய்விடும், அவ்வளவு பிளவு. உன் எலும்புப் புத்தகத்தில் உள்ள அத்தனை எலும்பையும் முறிப்பதற்குத் தோதான இடத்தை நானே கைப்பட உண்டாக்கி வைத்திருந்தேன். நீ திட்டியிருந்தால் தேவலை. குந்தி உட்கார்ந்து ஒரு கட்டியை உடைத்துப் பார்த்துவிட்டு, இதைக் கொத்தி ஆற்று மணலைக் கலந்தால் சரிவரும் என்று மட்டும் சொன்னாய்.

மணலை யார் சுமப்பது? அதற்காகத்தான் நாம் இரண்டு பேரும் கீழத்தெருவுக்கு அஞ்சம்மாளைப் பார்க்கப் போனோம். நடவு ஆட்களுக்குத் தலைவி, சங்கத்தில் முன்னால் நிற்கிறவர், உன் அணியில் ஏறிப் போய் ஆடுகிற கஸ்தூரிக்கு அம்மா. அந்தத் தெரு முனையில் நின்று ஆள் வேண்டும் என்று நான் குரல் கொடுத்திருக்கிறேனே தவிர, உள்ளே நடந்து போனது அன்றைக்குத்தான். நீ வீட்டுக்கு வீடு பேரைச் சொல்லிப் பேசிக்கொண்டு முன்னால் போனாய், நான் உன் பின்னால் வந்தேன். அஞ்சம்மாள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க வாங்க. கஸ்தூரி, யாரு வந்திருக்காங்க பாரு. வேல நிறுத்தத்துல ஆளு கூப்புட தெருவுக்குள்ளயே வந்துட்டாங்க."

"ஆளு கூப்புட வரலக்கா. பிள்ளைங்களக் கூப்புட வந்தேன்" என்றாய் நீ.

"தாவணி கட்டிட்டா எங்க தெருவுல பிள்ளையும் ஆளுதான் பாப்பா. சொல்லு."

நீ சொன்னாய். இரண்டு தெருப் பிள்ளைகளும் கூடையில் மணல் சுமக்கும். அதுவே உடம்புக்குப் பயிற்சி. உன் பயிற்சித் திட்டத்திலும் அப்படியே எழுதிக்கொள்வாய் என்றாய்.

"நீ எழுதிக்குவ. ஊரு என்ன எழுதும்? வேல நிறுத்தத்துல கீழத்தெருப் பொண்ணுங்க குத்தகக்காரரு வயல்ல எறங்கி மண்ணு சொமந்துச்சுன்னு எழுதும்." பிறகு கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. அது வயலா, திடலா?"

"இப்போதைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"இப்போதைக்குங்கற பேச்சே வாணாங்க. வயல்னா எம்பொண்ணு வராது. திடல்னா வரும். திடல்னு சொல்லிட்டு, பிள்ளைங்க மண்ண மெத்தை மாதிரி பண்ணி வச்சப்புறம் நீங்க ஏரு ஓட்டுனீங்கன்னா, நாலு பேரு மத்தியில நிக்க வச்சுக் கேப்பேன்."

"பிள்ளைக்குப் பரீச்ச முடியற வரைக்கும் திடல்தான்."

"யாரு வந்து கேட்டாலும்?"

"யாரு வந்து கேட்டாலும்."

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அவர் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன். அந்த 'யாரு' என்பதில் மடத்து ஏஜெண்டும் அடக்கம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

மேலத்தெருவில் முதலில் ஒரு பிள்ளையும் வரவில்லை. அவர்களோடு சேர்ந்து கூடை தூக்குவதா என்று அடுத்த வீட்டில் முணுமுணுத்தார்கள். உன் அம்மா கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெரு நடுவில் நடந்தாள். திரும்பி வரும்போது அடுத்த வீட்டு வாசலில் நின்று, "ஒம் பொண்ணு கைப்புடி மாதிரி யாருக்கும் வராதாமே, எங்க வெற்றி சொல்லிச்சு. அது இல்லாம எப்புடி ஆடறதுன்னு தவிக்குது" என்றாள். மறுநாள் அந்தப் பெண் வந்துவிட்டாள். நீ அப்படிச் சொன்னாயா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. பாலத்து வேனில் இருந்த போலீஸ்காரர்கள், தினம் இரண்டு தெருப் பெண்களும் வரிசையாக மணல் கொண்டுபோவதைப் பார்த்து, இது எந்தக் கட்சிப் போராட்டம் என்று என்னிடம் விசாரித்தார்கள். நானும் சுமந்தேன். நீ அதைப் பயிற்சித் திட்டத்தில் எழுதவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன்.

கூலிப் பேச்சு ஒருவழியாக முடிந்து, கொடியை எடுத்து, அறுப்பும் முடிந்தது. களம் நெல்லும் வைக்கோலுமாக நிறைந்து கிடந்ததால் பயிற்சி நாற்றங்காலிலேயே தொடர்ந்தது. குத்தகை நெல் வாங்க வந்த ஏஜெண்டு ஒரு சாயங்காலம் மொபெட்டை வரப்பு ஓரம் நிறுத்திவிட்டு இறங்கினார். நீ அந்தக் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு கஸ்தூரியின் காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தாய். மகளை அழைத்துப் போக வந்த அஞ்சம்மாள் வரப்பில் நின்றிருந்தார்.

"என்னய்யா இது, நாத்தங்கால்ல ஆத்து மணலு?"

"திடலுங்க."

"மடத்து நெலத்துல திடல் போட ஒனக்கு யாரு சொன்னா? ஒரு வாரம் டைம் தர்றேன். வழிச்சு எடுத்துட்டு உழுது போடு. இல்லன்னா நெலத்தக் கெடுத்துட்டேன்னு கேஸ் போடுவேன். பதிவு பண்ண குத்தகைக்காரன்னு தைரியமா இருக்காதே, நெலத்தக் கெடுத்தவன எறக்க சட்டத்துல எடம் இருக்கு."

பங்குனியில் வரும் உன் பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. அஞ்சம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வாழ்நாள் முழுதும் கத்தியே பழகியவனுக்கு அன்றைக்குப் பார்த்து குரல் வெளியே வரவில்லை. "பங்குனி முடியற வரைக்கும் அது திடலுங்க" என்று எனக்கே கேட்காத மாதிரி சொன்னேன். ஏஜெண்டுக்குக் கேட்டுவிட்டது. மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நீ வந்து என்னப்பா என்றதற்கு, பதர் அதிகம் இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார் என்றேன். நான் தைரியசாலி என்று நினைத்துவிடாதே. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தையும் மோரையும் ஒன்றாக ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன், உன் அம்மா சொல்லும்வரை தெரியவில்லை.

ஆட்ட நாள் வந்தது. வலங்கைமான் பக்கத்து அணி, எல்லாம் நல்ல வளர்த்தியான பிள்ளைகள். கல்லூரியிலிருந்து ஓர் அம்மையாரும் ஓர் ஐயாவும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இரண்டு தெருவும் எதிரெதிர் வரப்பில். பாதி ஆட்டம் வரைக்கும் நாம்தான் மேலே இருந்தோம். கஸ்தூரி ஒரு பிடியிலிருந்து துள்ளி வந்து கோட்டில் விழுந்தாள், எழுந்தாள், நொண்டியும் நொண்டாமலும் நின்றாள். நீ கையைக் காட்டி அவளை வெளியே எடுத்தாய். அவள் இடத்தில் இறங்கியது மேலத்தெருப் பெண், அதுவும் நம்ம அடுத்த வீட்டுப் பெண்.

"அவங்க தெருப் பொண்ண எறக்கறதுக்கு நம்ம பொண்ண எடுத்துருச்சு பாரு" என்று எதிர் வரப்பில் ஒரு குரல். "பின்ன, பாசம் விடுமா?" என்று இன்னொரு குரல். நம்ம பக்கத்தில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். கஸ்தூரி அழுதாள். "நா ஆடுறேன்க்கா. ஒண்ணுமில்லக்கா." நீ அவளிடமும் பேசவில்லை, வரப்பையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஈரத்துணியை அவள் கணுக்காலில் சுற்றிவிட்டு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அஞ்சம்மாள் கோட்டைச் சுற்றி நடந்துவந்து, மகள் காலை மடியில் தூக்கி வைத்து அழுத்திப் பார்த்தார். அவள் முகம் சுளித்ததையும் பார்த்தார். எழுந்து தன் தெருப் பக்கம் திரும்பினார்.

"வீங்கியிருக்கு. இந்தக் காலுதான் ஆனியில சேத்துல எறங்கணும். நீங்க யாராச்சும் அதுக்குப் பதிலா எறங்குவீங்களா? உக்காருங்க எல்லாரும்."

உட்கார்ந்தார்கள். ஆட்டத்தில் தோற்றோம். எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டு நான் நின்ற இடத்துக்கு அந்தக் கல்லூரி அம்மையார் வந்தார்.

"நீங்க யாருங்க?"

"பொண்ணோட அப்பாங்க."

"ஆட்டம் பூரா வாயில துண்டைத் திணிச்சுக்கிட்டே இருந்தீங்களே, பல்லு வலியா?"

ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். கிராம்பு வைக்கச் சொல்லிவிட்டு, போகிறபோக்கில், "பொண்ணு நல்லா செய்யுது" என்றார். பிறகு நான் துண்டை எடுத்துக் கண்ணைத்தான் துடைத்தேன். அதுவும் பல்வலி கணக்கில் போய்விட்டது.

நீ கல்லூரிக்குத் திரும்பிய வாரமே நோட்டீஸ் வந்தது. வலங்கைமான் வக்கீலிடம் ஓடினேன். "நெலத்துக்குக் கேடு செஞ்சியாங்கறதுதான் கேள்வி. மணல் அடிச்சியா?" என்றார். அடிச்சேனுங்க என்றேன். "அத வெளிய சொல்லாத" என்றார். "ரெண்டு தெருவும் போலீஸ் வேனும் பாத்துச்சுங்களே" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். பங்குனி முடிந்ததும் பிள்ளைகளே வந்து மேல் மணலை வழித்துப் பள்ளிக்கூட வாசலில் கொட்டினார்கள். உள்ளே கலந்தது கலந்ததுதான். ஆனியில் தண்ணீர் வந்தபோது வேறு இடமில்லாமல் அதிலேயே விதை விட்டேன். தண்ணீர் சீக்கிரம் இறங்கியது, தினம் போய் மடை திறந்து கட்டினேன். உன் அம்மா காலையில் காப்பி வைப்பதற்கு முன்னால் போய் முளையைப் பார்த்துவிட்டு வருவாள். முகத்தைப் பார்த்தே நான் தெரிந்துகொள்வேன். வேலைக்குச் சேருவதற்கு முன்னால் வந்த நாலு நாளில், என்னம்மா இப்படி இளைத்துவிட்டாய் என்று நீ அவளைக் கேட்டாயே, அது உன் பிரிவுக்காக மட்டும் இல்லை.

நீ போன பிறகு ரெவின்யூ கோர்ட்டிலிருந்து ஓர் அதிகாரி நேரில் பார்க்க வந்தார், ஏஜெண்டும் கூடவே. அன்றைக்கு நாற்றுப் பறிப்பு. அஞ்சம்மாளும் ஆட்களும் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்கள், கஸ்தூரியும் இருந்தாள். அதிகாரி என்னைப் பார்த்து, சொல்லுங்க என்றார். நான் உனக்குப் பேர் வைத்ததிலிருந்து ஆரம்பித்தேன். நீ எலும்புப் புத்தகம் கொண்டுவந்த இடத்துக்கு வருவதற்குள் அவர் என்னை விட்டுவிட்டு வரப்பில் கட்டிப் போட்டிருந்த ஒரு நாற்று முடியைக் கையில் எடுத்துவிட்டார். வேர் வெள்ளை வெளேரென்று, மண் கட்டி ஒட்டாமல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பேண்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். தானே ஒரு பிடி பறித்தார். சுலபமாக வந்துவிட்டது.

"எங்க ஊர் நாத்தங்கால்ல பாதி வேரு மண்ணுலயே நின்னுடும். எங்கம்மாவுக்கு நகமே பேந்துடும்" என்றார். அஞ்சம்மாளிடம், "இங்க எப்பவுமே இப்படித்தான் வருமா?" என்று கேட்டார்.

"இந்த வருசந்தாங்க இப்புடி. போன வருசம் எங்க நகமும் போச்சு."

"தண்ணி நிக்க மாட்டேங்குது சார்" என்றார் ஏஜெண்டு.

"நாத்து நிக்குதேங்க" என்றார் அதிகாரி. வாய்க்காலில் கால் கழுவும்போது எழுதிக்கொள்ள என்னிடம் பேனா வாங்கினார், திருப்பித் தர மறந்துவிட்டார். அந்தப் பேனாவை நான் கேட்கவில்லை.

அவ்வளவுதான் கேஸ். தீர்ப்பு வந்த அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் விளக்கு வைத்த பிறகுதான் எழுந்தேன். அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கிப் பல மாதமாயிற்று. உனக்குப் புத்தி சொல்லலாம் என்றுதான் கடிதத்தை ஆரம்பித்தேன், ஆனால் சொல்வதற்கு என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. பிறத்தியார் பிள்ளையை வெளியே எடுக்க வேண்டிய நேரத்தில், வரப்பில் யார் என்ன பேசுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் நின்றாயே, அதை மட்டும் விட்டுவிடாதே. உன் நெஞ்சுக்குள் அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. என் வாயில் துண்டு இருந்தது, உன் வாயில் ஒன்றும் இல்லை, ஆனாலும் நீ கத்தவில்லை. இரண்டு வருஷம் படிக்க வேண்டிய விஷயம்தான் அது. ஒரு சாயங்காலத்தில் சொல்லித் தர முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். இங்கே நிலத்தைப் பற்றி இனி நினைக்காதே. சம்பளத்தை அனுப்பாதே, நல்ல செருப்பு வாங்கு. உன் அம்மாவுக்கு வாரம் ஒரு கடிதம் போடு. என்னைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி இருந்தால் போதும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதிகாரி ஜீப்பில் ஏறிப் போன பிறகு ஏஜெண்டு வரப்பிலேயே நின்றுகொண்டிருந்தார். நாற்று முடியைக் காலால் புரட்டிப் பார்த்தார். "அந்த மணல எந்தத் தொறையில எடுத்தீங்க? மடத்துப் பண்ண நாத்தங்காலுக்கும் கொஞ்சம் போட்டா என்ன?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சம்மாள் சேற்றுக் கையோடு நிமிர்ந்தார்.

"போடலாங்க. பிள்ளைங்க சொமக்கும். கோயிலுக்குப் பின்னால மடத்து மேடு சும்மாக் கெடக்குதே, நாத்து விடாத நெலம், தண்ணியும் ஏறாது. அத பிள்ளைங்களுக்குத் திடலா விட்டுடுங்க."

மடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் வந்து சொல்லவில்லை. நேற்றுச் சாயங்காலம் மாட்டுக்குப் புல் அறுக்க அந்தப் பக்கம் போனேன். கஸ்தூரி சுண்ணாம்புச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு தெருப் பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

அப்பா